நத்தை என்றால் வருவாள்

சீதா டீச்சருக்குப் பேயாவது பிசாசாவது! கம்போங் ராஜா என்ற மலை ஊரைத் தாண்டி உள்ளே கிடக்கும் தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வருஷமாகப் பாலர் வகுப்பு நடத்துகிறாள். காட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்த பிள்ளைகள் காட்டைக் கைப்பேசியில் பார்த்தா தெரிந்துகொள்வது என்று அவளுக்கு அப்படி ஒரு கோபம். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஏழு பேரையும் கிளப்பிக்கொண்டு, தேயிலை முடிந்து காடு தொடங்கும் மேட்டுக்குப் போய்விடுவாள். பாசிக்குள் விரலை விட்டு ஆழம் பார்ப்பார்கள். குடுவைச் செடியின் தண்ணீரில் எத்தனை எறும்பு மிதக்கிறது என்று எண்ணுவார்கள். அட்டை கடித்தால் அழக்கூடாது, எந்த முனையால் கடிக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து அம்மாமார்களுக்கு இது பிடிக்கவில்லை. ரூபினியின் அம்மா மணியம்மா, கொழுந்து எடுக்கிறவள், ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டாள்.

"காட்டுல பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க லா டீச்சர். எது கேட்டுக்கிட்டு இருக்கோ, யாருக்குத் தெரியும்?"

அவர்கள் வாயை அடைக்கத்தான் சீதா ஒரு விளையாட்டுக் கட்டினாள். மேடு ஏறியதும் ஆளுக்கு ஒரு காட்டுப் பேர். ஒருவன் பெரணி, ஒருத்தி தட்டான். எப்போதும் கடைசியாக ஆடி அசைந்து வரும் ரூபினி, நத்தை. சொந்தப் பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும், டீச்சரே கூப்பிட்டாலும், வாயைத் திறந்தால் அவுட். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ரூபினி ஒரு தடவைகூட அவுட் ஆனதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மேட்டில் இருக்கும்போது காலை பத்து மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. சீதா அவசரமாக எண்ணினாள். ஆறு பேர்தான் இருந்தார்கள். ரூபினியைக் காணோம். ஆறு பேரையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி பாதையில் உட்காரச் சொல்லிவிட்டு, "ரூபினி!" என்று கத்தினாள்.

"டீச்சர்" என்று பதில் வந்தது.

மண் சரிந்த பள்ளத்துப் பக்கமிருந்து வந்தது. ரூபினியின் குரலேதான், அந்தச் செல்ல இழுப்போடு. சீதா தேயிலை நிரைகளுக்கு நடுவே இறங்கினாள். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் "டீச்சர்". அங்கேயே நில் என்றாள். அதற்கும் "டீச்சர்" தான், அதே இழுப்பு, அதே தூரம். இன்னும் இரண்டு அடி வைத்ததும் காலடியில் மண் உதிர்ந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொந்தப் பேருக்கு ரூபினி வாயைத் திறக்கமாட்டாளே!

எதிரொலி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எதிரொலி 'ரூபினி' என்றல்லவா கேட்க வேண்டும்?

"நத்தை" என்றாள். மெல்லத்தான் சொன்னாள்.

"வந்துட்டேன் டீச்சர்."

கை எட்டும் தூரத்தில், பின்னாலிருந்த செடியின் மறுபக்கம் ரூபினி குந்தியிருந்தாள். இவ்வளவு நேரமும் உதட்டை இறுக்கிக்கொண்டு அங்கேதான் இருந்திருக்கிறாள். சீதா அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். லயம் கண்ணில் படும்வரை பள்ளத்திலிருந்து அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மணியம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? பிள்ளை முழுசாக வந்துவிட்டாள், அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் பேர் வாசித்தாள். ரூபினி என்றதும், முன்வரிசையில் இருந்தவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டு முடிந்துவிட்டது, இங்கே பதில் சொல்லலாம் என்று சீதா கெஞ்சிப் பார்த்தாள். பிள்ளை மாட்டேன் என்று தலையை ஆட்டியது.

"அது இப்ப கீழ பள்ளத்துல இருக்கிறவ பேரு டீச்சர். நான் பேசாம இருந்தேன்ல, அவ எடுத்துக்கிட்டா."

சாயங்காலம் மணியம்மா அழுதுகொண்டே வந்தாள். மூன்று நாளாக வீட்டிலும் இதே கதையாம். நத்தை என்றால்தான் சோற்றுக்கே வருகிறாளாம்.

"நான் பெத்து நான் வச்ச பேரு டீச்சர். அதச் சொல்லிக் கூப்பிட்டா யாரையோ கூப்பிடுற மாதிரி பாக்குறா. என்ன செஞ்சீங்க எம்புள்ளைய?"

சீதா டீச்சர் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, மேட்டுப் பக்கமே பார்த்தபடி நின்றாள்.