ஆற்று நடுவில் மெலனி

கறிக்கு உப்புப் போட்ட கையோடு றோசலின் சுவைத்துப் பார்ப்பதில்லை, தொலைபேசியைப் பார்ப்பாள். அது அடுப்புக்குப் பக்கத்தில், மிளகாய்த்தூள் போத்தலில் சாய்ந்தபடி, எந்நேரமும் வரைபடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். விரலால் ஒரு தட்டு. "பிள்ளை மெற்றோவால இறங்கிட்டாள்" என்பாள், யாருக்கென்றில்லாமல். உப்புப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

மொன்றியலில், சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் வேலை அவளுக்கு. கனடா வந்த புதிதில் வீடு, வேலை, கோயில் என்பதற்கு மேல் ஓரடி எடுத்து வைத்தவளில்லை. பேருந்து பழகிய தெருவை விட்டுச் சற்றுத் திரும்பினாலே நெஞ்சு படபடக்கும். வரைபடம் கைக்கு வந்தபின் ஆளே வேறு. நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் பல் வைத்தியரிடம் தனியே போய்த் தனியே வருகிறாள். வழி சொல்லும் பெண்குரலுக்குப் பதிலும் சொல்வாள்: "ஓம் பிள்ளை, திரும்பிறன். அந்தரப்படுத்தாத." ஞாயிறு பூசைக்கு நடக்கும்போதுகூட அதைப் பேசவிட்டபடிதான் போவாள். கால்கள் தாமாகப் போகும் தெருவுக்கு எதற்கு வழி என்று யாராவது சிரித்தால், "அது சரியாச் சொல்லுதோ எண்டு பாக்கிறன்" என்பாள். இதுவரை அது தேறிக்கொண்டே வருகிறது.

வழியை விட அவளுக்குப் பிடித்தது முகங்கள். பிள்ளைகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அம்மாவுக்குத் தெரியும்படி தொலைபேசியில் திறந்துவிட்டிருந்தார்கள். சின்ன வட்டத்துக்குள் மகனின் முகம், இன்னொரு வட்டத்துக்குள் மகளின் முகம். வட்டம் நகர்ந்தால் சந்தோஷம். நகராமல் நின்றால் உடனே தொலைபேசி எடுப்பாள். ரொறன்ரோவில் இருக்கும் மகன் றெனோல்டின் வட்டம் ஒருநாள் மாலை ஒரு வீட்டு வாசலில் நெடுநேரம் நின்றது. "ஆரின்ர வீடு மோனை அது?" என்று கேட்டாள். மறுநாளும் அதே வாசல், அதே கேள்வி. அதற்கடுத்த நாள் பார்த்தபோது வட்டமே இல்லை. "ரொறன்ரோ முழுக்க வெறிச்செண்டு கிடக்கு" என்று கணவர் அருமைராசாவிடம் சொல்லி அழுதாள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மிஞ்சியிருப்பது மெலனியின் வட்டம் ஒன்றுதான். மெலனி, முதியவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் தாதி. இந்தக் கோடையில்தான் கார் ஓட்ட அனுமதிப்பத்திரம் எடுத்தாள். முதன்முறை அப்பாவின் காரைத் தனியே கொண்டு புறப்பட்ட சனிக்கிழமை, வாசலில் நின்றே கறாராகச் சொல்லிவிட்டாள்: "அம்மா, நான் கார் ஓடேக்க ஃபோன் எடுக்கக் கூடாது. ஒருக்கா எடுத்தாலும் அண்ணா மாதிரி நானும் ஓஃப் பண்ணிப் போடுவன்." றோசலின் அந்தோனியார் மேல் ஆணையிட்டு ஒப்புக்கொண்டாள்.

இல்-பிசார் தீவில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, லவாலில் இருக்கும் சிநேகிதி றொஷினி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. வட்டம் பாலத்தைக் கடந்தது, தீவில் ஒரு வீட்டில் நின்றது, புறப்பட்டது. எல்லாம் ஒழுங்கு. வந்த பாலத்தாலேயே திரும்பி வருவாள் என்று றோசலின் காத்திருக்க, வட்டம் மறுபக்கமாகப் போனது. தெரு முடிந்தது. வட்டம் ஆற்றுக்குள் இறங்கியது. நடு ஆற்றில் நின்றது.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நீலத்தின் நடுவே புள்ளி புள்ளியாக ஒரு கோடு. புள்ளிக்கோட்டுக்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: பேருந்தால் இறங்கி நடக்க வேண்டிய பகுதியைத் தொலைபேசி அப்படித்தான் போட்டுக் காட்டும். தண்ணீர்மேல் நடந்த ஒருவரைப் பற்றி அவள் வேதத்தில் கேட்டிருக்கிறாள்; அவர் மொன்றியலில் கார் ஓட்டியதில்லை. பெருவிரல் மகளின் இலக்கத்துக்குப் போனது, திரும்பி வந்தது. எடுத்தால் இந்த முகமும் போய்விடும். எடுக்காவிட்டால், பிள்ளைக்கு என்ன ஆனதென்று யார் சொல்வார்கள்?

"இஞ்சருங்கோ, பிள்ளை ஆத்துக்க நிக்கிறாள்."

அருமைராசா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது கார் ஏத்திற பாதையடி. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில ஓடுமே, அதுமாதிரி. கோடைக்கு இஞ்சையும் ஓடும்."

வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் அந்த மிதவையில், ஊரில் இருந்தபோது சைக்கிளோடு எத்தனையோ தரம் ஏறியவள்தான் றோசலின். கனடாவிலும் அப்படி ஒன்று மிதக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"அப்ப ஏன் அசையாமல் நிக்குது?"

"ஃபோன் நெட் இல்லாமல் நிக்கும். பயமெண்டால் எடுத்துக் கேள்."

"நீங்கள் எடுங்கோ."

"நான் எடுத்தாலும் நீ எடுத்த மாதிரித்தான், றோசி. அவளுக்குத் தெரியாதோ?"

அடுப்பில் கறி அடிப்பிடித்தது. அருமைராசாதான் எழுந்து போய் அணைத்தார். றோசலின் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, பாதி மரியே வாழ்க, பாதி மகளுக்குத் திட்டு என்று முணுமுணுத்தபடி இருந்தாள். பாதை என்று தெரிந்துவிட்டதுதான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. பாதை கவிழாதா என்ன?

திடீரென்று வட்டம் ஒரு துள்ளுத் துள்ளியது. அக்கரை. தெரு. பிறகு நிதானமாக, விளக்குச் சந்திகளில் ஒழுங்காக நின்று நின்று, நகர்ந்தது. "அப்பாடா, கரையேறிட்டாள்" என்றாள். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கறி எரிந்ததற்குக் கணவரை ஏசவும் மறக்கவில்லை.

வட்டம் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்ற சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. திரையில் மகளின் பெயர். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, இண்டைக்கு நான் எதில வந்தனான் தெரியுமோ? காரோட தண்ணிக்கு மேல." குரலில் அத்தனை குதூகலம். பிறகு ஒரு கணம் தயங்கி, "நீங்கள் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?" என்றாள்.

அருமைராசா கண்ணாடிக்கு மேலால் மனைவியைப் பார்த்தார். றோசலின் திரையில் இருந்த வரைபடத்தை விரலால் தள்ளி மூடினாள்.

"இல்லையே. எங்க பிள்ளை நிக்கிறாய்? ஆறுதலாச் சொல்லு" என்றபடி, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.