ஏதும் அறியாத பிள்ளை

மனுத்தாள் வைக்கும் என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு ஜெராக்ஸ் கிடக்கிறது. மடித்த இடங்களில் எழுத்து உதிர்ந்துபோயிற்று. அதில் ஒரு வரி மட்டும் சிவப்புப் பேனாவால் இரண்டு தடவை அடிக்கப்பட்டிருக்கும். எழுதியவன் நான். அடித்தது ஆனைக்குட்டத்திலிருந்து மனு எழுதிக்கொள்ள வந்த ஒரு தங்கச்சி.

விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமைதோறும் உட்கார்ந்து மனு எழுதுகிறவன் நான். படிப்பு எட்டாவதோடு நின்றது. மீதியெல்லாம் வருகிறவர்கள் பேசப் பேசக் கற்றதுதான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: துயரத்தை ஒரு பிடி கூட்டிப் போடுவோம். நாளெல்லாம் மனுவையே பார்க்கிற அதிகாரிக்கு மனம் இளகினால்தானே கையெழுத்து விழும் என்று ஒரு நினைப்பு. அந்தத் தங்கச்சி சிவகாசி அச்சகமொன்றில் தீப்பெட்டி லேபிள் அடுக்குகிறவர். மகள் ஆறாவது படிக்கிறாள். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். பள்ளி மணி அடித்தால் பிள்ளை வகுப்பை விட்டு ஓடிவிடுகிறாள், வேறு பள்ளி பாருங்கள் என்கிறார் தலைமையாசிரியர்.

"பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில வெடிச்சுப் பாப்பாக அண்ணாச்சி. இப்ப வெடிக்கும்டீன்னு சொல்லிட்டா காதப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. சொல்லாம அடிக்கிற மணிக்குத்தான் ஓடுதா. கதவோரம் ஒரு எடம், மணிக்கு முன்னால ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான்."

அம்புட்டையும் எழுதினேன். தலைப்பில் மட்டும் கைப்பழக்கத்தில், 'ஏதும் அறியாத என் பேதை மகள்' என்று போட்டேன். என்னை நம்பி, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து நகலோடு வந்தார். மனு விளக்கம் கேட்டுப் பள்ளிக்கே போயிருக்கிறது. தலைமையாசிரியர் அந்த வரியில் விரலை வைத்து, "நீங்களே ஏதும் அறியாத பிள்ளைன்னு எழுதியிருக்கீங்க, அப்புறம் எதுக்கு இங்க?" என்று டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

"லேபிள்ல மை ஒரு நூல் வெலகியிருந்தாலும் கண்டுபிடிச்சிருவா. சாத்தூர் பஸ்ஸு டயம் பூராவும் மனப்பாடம். நீங்க எம்மவளக் கண்ணால பாத்ததில்ல. எதுவும் தெரியாதுன்னு எப்படி எழுதுனீக?"

"அப்படி எழுதுனாத்தானம்மா எரக்கம் வரும்."

"எரக்கத்த வச்சு நான் என்ன செய்ய? ஒக்கார எடந்தான கேட்டேன்?"

என் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை அவரே எடுத்து அந்த வரியை அடித்தார். தாளை என் மடியில் போட்டார். புதிதாக எழுதினோம். பிள்ளைக்குத் தெரிந்தவை முதலில், வேண்டியவை அடுத்து. மூன்று திங்கட்கிழமை அலைந்தபின் கதவோரம் இடம் கிடைத்தது. மணிக்கு முன் சொல்லவும் ஆள் வைத்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அடுத்த ஜூனில் புது வகுப்பு, புது ஆசிரியர், பிள்ளை மறுபடி நடுப் பெஞ்சில். "போன வருசம் குடுத்த எடம் எங்கன போச்சு அண்ணாச்சி, ரோட்டுல விழுந்திருச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். பத்தாவது முடியும்வரை வருடத்துக்கொரு மனு, அதே வரிகள். சிரிப்பு மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்தது. ஒருமுறை பெற்ற இடத்தை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்க வைக்கிறார்களே, அந்த அலுப்பை எந்த மனுவில் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

போன திங்கள் இருக்கன்குடிப் பக்கமிருந்து ஒருவர் மகனுடைய டாக்டர் சான்றிதழோடு வந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் பாவமாவே எழுதுங்க அண்ணாச்சி" என்றார். கை தானாகவே 'ஏதும்' என்று தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும். நிறுத்திவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து பழைய ஜெராக்ஸை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன்.

"பையனுக்கு என்னென்ன தெரியும்?"

அவர் சான்றிதழை மடித்து மடியில் வைத்தார். "சீக்குக்கு என்ன பேருன்னுதான் கேப்பாக. இத யாரும் கேட்டதில்ல" என்றார். பிறகு, "எந்த ஆடு கத்துனாலும் அது யாரு வீட்டு ஆடுன்னு சொல்லிருவான்" என்றார்.

புதுத் தாள் எடுத்து, அதை முதல் வரியாக எழுதினேன்.