மீதி பூஜ்யம் வர வேண்டும்

நாச்சாரத்தில் நான் மாத்திரை பேக்கிங் செய்யும் கம்பெனியில், பத்தாவது பாஸ் செய்யாதவர்களை வருஷக் கடைசிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவள். திறந்தநிலைப் பள்ளியில் சேர்ந்து தமிழிலேயே பரீட்சை எழுதினேன். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டது. கணக்கு மட்டும் போய்விட்டது. இன்னும் ஒரு தடவை எழுதத்தான் அவகாசம் இருந்தது.

காலேஜில் படிக்கும் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். பல்லுறுப்புக் கோவையை நீளமாக வகுத்தால் பக்கமெல்லாம் அடித்தல் திருத்தலாக்கிவிடுவேன் என்று, x-ஐ விட்டுவிட்டு அதன் முன்னால் இருக்கும் கெழுக்களை மட்டும் வைத்துச் செய்யும் தொகுமுறை வகுத்தலைப் பழக்கினாள். முதல் எண்ணை இறக்கு, பெருக்கு, அடுத்ததோடு கூட்டு. பஸ்ஸில் அதையே முணுமுணுத்தபடி வந்தேன். உப்பலில் பரீட்சை சென்டருக்கு இறங்கும்போதும் நிறுத்தவில்லை. கூட வந்த கம்பெனித் தோழி சிரித்தாள்.

"எக்ஸாமுக்குப் போறியா, ஆபரேஷனுக்கா? டென்ஷன் நக்கோம்மா, வேணவே வேணாம்."

பெரிய மார்க் கேள்வி அதுவாகவே இருந்தது. x³ − 7x + 6 என்பதற்கு x − 2 ஒரு காரணி என்று வகுத்துக் காட்ட வேண்டும். காரணி என்றால் மீதி பூஜ்யம் வந்தாக வேண்டும். 1, −7, 6 என்று எழுதி, 2 போட்டு வகுத்தேன். மீதி −4. குறியைத் தப்பாக எடுத்துவிட்டேனோ என்று −2 போட்டேன். 24 வந்தது.

கேள்வித்தாளே தப்பு என்றுகூட நினைத்தேன். கண்காணிக்கிற அம்மா பக்கத்தில் வந்து நின்றார்; யாரையோ பார்த்து எழுதுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று அது வேறு பயம். தலையைக் குனிந்துகொண்டு கேள்வியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். முதலில் x³. அடுத்து நேராக வெறும் x. நடுவில் x² கிடையாது. இல்லாத உறுப்புக்கும் பூஜ்யம் எழுதி இடம் பிடிக்க வேண்டும். அதை விட்டதால்தான் எல்லாம் ஓரிடம் தள்ளிப் போயிருந்தது.

1, 0, −7, 6 என்று எழுதினேன். கீழே 1, 2, −3 வந்தது. கடைசியில் பூஜ்யம். அதற்கு அடியில் கோடு போடுவதற்குள் மணி அடித்துவிட்டது. பின்பக்கத்துக் கணக்குகளை நான் தொடவே இல்லை.

ரிசல்ட் வந்த அன்று போனைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மகள் என் நம்பரைத் தட்டினாள்.

"பாஸ்மா. பார்டர்ல பாஸ்."

"நம்பரைச் சரியாப் போட்டியா? மறுபடி போடு."

போட்டாள். "இப்பவும் பாஸ்தான். கம்பெனிக்கு அனுப்பவா?"

"இரு, பேரு என் பேருதானான்னு பாரு," என்றேன்.