தரையை எண்ணுகிறவர்

என் முதுகு பிடித்துக்கொண்ட வருடம் தீவுக் காவலாளி அவெலீனோ சௌக்கா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். மொன்ஹா தீவுக்குக் குடிதண்ணீரும் அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. அங்கே ஊற்றும் கிடையாது, மழையும் கிடையாது. படகிலிருந்து பீப்பாயைத் தூக்கிப் பாறைமேல் வைப்பதற்குள் எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கும். வலியைப் பற்றி அவரிடம் நான் வாய் திறந்ததில்லை. ஒருநாள் அவராகவே, "இனிமே பாதிப் பீப்பாய் போதும் தம்பி. எனக்கு வர வரத் தாகமே எடுக்க மாட்டேங்குது" என்றார். நம்பிவிட்டேன். அவர் தலைமயிர் உப்பில் விறைத்துத் துடைப்பம் மாதிரி நிற்பதைப் பார்த்த பிறகுதான், மனிதர் கடல்நீரிலேயே குளித்துக் கடல்நீரிலேயே துணி துவைக்கிறார் என்பது புரிந்தது. கேட்டதற்கு, "நான் மலைக்காரன். சின்ன வயசுல கடலையே பார்த்ததில்ல. இப்ப ஆசை தீர அனுபவிக்கிறேன், உனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து வறுத்த சோளம் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்.

மொன்ஹா என்றால் கன்னியாஸ்திரி. தூரத்தில் வரும்போது பார்த்தால், வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு ஒரு கன்னியாஸ்திரி கடலில் முழங்காலிட்டிருப்பது போலவே தெரியும். அந்த வெள்ளையெல்லாம் பறவைகளின் எச்சம். சில வருடங்களுக்கு ஒருமுறை மலையிலிருந்து ஆட்கள் வந்து அதை வெட்டி, உரமாக மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். மற்ற நாளெல்லாம் தீவு பறவைகளுக்கும் அவெலீனோவுக்கும்தான். அதிகமும் குவானாய் என்கிற நீர்க்காகங்கள். கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஆயர் வருகைக்குக் காத்திருக்கும் குருமடத்துப் பையன்கள் போல நிற்கும்.

முட்டை திருடுகிறவர்களை விரட்டுவது அவர் வேலை. மாதக் கடைசியில் பறவைகள் எவ்வளவு இருக்கின்றன என்று லிமாவிலுள்ள அலுவலகத்துக்குத் தெரிவிப்பதும் அவர் வேலை. இத்தனை பறவையை எப்படி எண்ணுவீர்கள் என்று ஆரம்பத்தில் நான் வெகுளியாகக் கேட்டிருக்கிறேன். "தலையை எண்ண முடியுமாடா தம்பி? தரையை எண்ணணும்" என்றார். கூட்டம் எந்தக் கல்லில் தொடங்கி எந்தக் கல்லில் முடிகிறது என்று விளிம்பைச் சுற்றி வருவார். பிறகு தீவின் உருவத்தைத் தாளில் வரைந்து, பறவை கிடக்கும் இடத்தைப் பென்சிலால் கறுப்பாக்குவார். வெறும் இடம் வெள்ளையாகவே இருக்கும். பார்ப்பதற்குச் சின்னப்பிள்ளை கிறுக்கியது போலத்தான் இருக்கும்.

அந்த விளிம்பைச் சுற்றி வரும் நடை இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். கூன் போட்டு, கையை விலாவோடு ஒட்டி, காலை வைக்கிறாரா எடுக்கிறாரா என்று தெரியாதபடி நகர்வார். ஒரு குவானாய் கழுத்தை நீட்டினால் அப்படியே உட்கார்ந்துவிடுவார். அது கழுத்தை மடக்கினால் எழுந்திருப்பார். ஊருக்குப் போனாலும் இந்தப் பழக்கம் விடுவதில்லை. முற்றத்துக் கோழி தலை தூக்கினால் இவர் குந்தி உட்கார்ந்துகொள்வதைப் பார்த்து அவர் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாளாம். குரலும் அப்படித்தான். தீவில் உரக்கப் பேசக்கூடாது. தாழ்ந்த குரலில் பேசிப் பேசித் தொண்டையே அப்படி அமைந்துவிட்டது. எங்கள் துறைக்கு வந்து உப்பும் தீப்பெட்டியும் கேட்கும்போது கடைக்காரர் காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைப்பார். "ஐயா சாமான் வாங்க வந்தீரா, பாவசங்கீர்த்தனம் பண்ண வந்தீரா?" என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்பார்கள். "ரெண்டும்தான். சர்க்கரை கடனா வேணும்" என்பார் அவெலீனோ, அதே குரலில்.

அவருக்கு முன்னே இருந்த காவலாளிகள் வரைந்த படங்களும் குடிசைச் சுவரில் வரிசையாக ஆணியடித்துத் தொங்குகின்றன. வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்ட மாட்டார். ஒருநாள் கயிறு தேடி உள்ளே போன என்னை நிறுத்தி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கறுப்பு பெருகுகிறது, சுருங்குகிறது, மறுபடி பெருகுகிறது. "மூச்சு விடுற மாதிரி இருக்கில்ல?" என்றார். ஆமாம் என்றேன். "கிட்டத்துல பாரு. ஒவ்வொரு தடவையும் இழுக்கிற மூச்சு முந்தினதைவிடக் குட்டையா இருக்கு." அதைச் சொல்லிவிட்டுத் தன் நெஞ்சை ஒருமுறை தடவிக்கொண்டார். சளி பிடித்தவனைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிற ஆள் போல.

எங்கள் கடல் குளிர்ந்த கடல். குளிர்ந்திருந்தால்தான் நெத்திலி மேலே வரும். நெத்திலி வந்தால்தான் குவானாயும் பிழைக்கும், நாங்களும் பிழைப்போம். சில வருடங்களில் கிறிஸ்து பிறப்பை ஒட்டி வடக்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் இறங்கிவரும். அதற்குப் பாலன் என்று பெயர். பாலன் இயேசுவின் பெயரை இந்தச் சூட்டுக்கு எந்தப் புண்ணியவான் வைத்தானோ, நான் சொல்லும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு கடைசியில் அது வந்துவிட்டது. படகு பாறையை ஒட்டியதும் அவெலீனோ முதலில் கேட்பது, "கை விட்டுப் பார்த்தியா?" என்றுதான். விட்டுப் பார்த்தேன் என்பேன். நம்பாமல் அவரும் குனிந்து கையை விடுவார். உதறுவார். மறுபடி விடுவார். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தாய் இரண்டாம் முறையும் தொட்டுப் பார்ப்பாளே, அப்படி.

குஞ்சுகளுக்கு இறகு முளைக்காத நேரம் அது. இரை தேடிப் போன பறவைகள் வெகுநேரம் கழித்துத் திரும்பின. சில வெறும் வாயோடு திரும்பின. சில திரும்பவில்லை. தண்ணீர் மிகவும் சுட்டுவிட்டால் தாயும் தகப்பனும் குஞ்சுகளை அப்படியே போட்டுவிட்டுத் தெற்கே போய்விடும் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அவெலீனோ லிமாவுக்கு வானொலியில் சொன்னார். பார்த்துக்கொண்டே இருங்கள் என்று பதில் வந்தது. வேறென்ன சொல்வார்கள்? அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னம் ஒட்டிப்போயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்தி, குடிசைக்கு வெளியே காதைத் திருப்புவார்.

இந்த நேரத்தில்தான் அமலோற்பவ மாதா திருவிழா வந்தது. பொறுப்பு இம்முறை என்னுடையது. மாதா சுரூபத்தைப் படகில் வைத்து, பேண்டு முழங்க, வேட்டு போட்டு, மொன்ஹா தீவைச் சுற்றி வருவது எங்கள் துறை வழக்கம். அதற்கு முந்தின ஞாயிறு வலைக்கொட்டகையில் கூட்டம் போட்டிருந்தோம். அவெலீனோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இந்த வருசம் தீவுப் பக்கம் வேட்டு வேண்டாம்" என்றார்.

"சத்தமாச் சொல்லும்யா. நாங்க என்ன முட்டையா அடைகாக்கிறோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது.

அவர் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "அதுக போகவா இருக்கவான்னு நிக்குதுக. ஒரு வேட்டுச் சத்தம் கேட்டா, அதுதான் சாக்குன்னு கிளம்பிரும். அப்புறம் திரும்பாது. குஞ்செல்லாம் வெயில்ல கிடந்து சாகும்."

மீன் பொரித்து விற்கும் எர்மெலிந்தா எழுந்தார். நவநாள் பாட்டு எடுத்துக் கொடுப்பது அவர்தான். துறையில் அவர் குரலுக்கு மேல் குரல் கிடையாது. "எங்கப்பன் காலத்துலருந்து மாதா அந்தத் தீவைச் சுத்தித்தான் வர்றா. வேட்டு இல்லாம, பேண்டு இல்லாம தாயைக் கூட்டிட்டுப் போறதுக்கு அது என்ன சாவு வீடா? இருக்கிற நெத்திலியும் போயிரும்!"

"சாவு வீடு இல்லக்கா. பிள்ளை தூங்குற வீடு. மாதா வரட்டும். பிள்ளை தூங்குற வீட்டுக்குள்ள அவ எப்படி வருவாளோ, அப்படி வரட்டும்."

எர்மெலிந்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பேச்சைப் பாரு. குசுகுசுன்னு பேசியே ஆளை மடக்கிருவான் இந்த மலைக்காரன்" என்று உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேட்டும் பேண்டும் கரையோடு நிற்கட்டும், தீவுக்குத் துடுப்புப் போட்டுப் போவோம் என்றேன். "மாதாவுக்கு வயசாகல. எங்க இடுப்புக்கு ஆயிருச்சே" என்று ஆண்கள் முனகினார்கள். ஆனாலும் வந்தார்கள்.

திருநாளன்று தீவுக்கு வெகுதூரம் முன்பே மோட்டார்களை நிறுத்தினோம். செபமாலை உதட்டளவில் ஓடியது. எர்மெலிந்தா சுரூபத்தின் காலடியில் உட்கார்ந்து, இருமியவனைக்கூட முறைத்து அடக்கிக்கொண்டு வந்தார். அவெலீனோ பாறைமேல் குந்தியிருந்தார், தொப்பியை மார்போடு அழுத்திக்கொண்டு. குவானாய்கள் கழுத்தை நீட்டின. மடக்கிக்கொண்டன. தெற்குச் சரிவுக்கு எதிரே வந்ததும், வழக்கப்படி மாதாவின் முகத்தைத் தீவை நோக்கித் திருப்பினோம். அந்த இடத்தில் திருப்பியதும் ஒருவர் குரல் கொடுப்பதும் எல்லாப் படகும் பதில் சொல்வதும் எங்களுக்குப் பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம். யோசித்துச் செய்வதல்ல, விக்கல் போல வருவது. முகம் திரும்பியது. எர்மெலிந்தாவின் கண் நிறைந்தது.

"மரியே வாழ்க!"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஒற்றைக் குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. தெற்குச் சரிவு முழுவதும் ஒரு கறுப்புத் துணியை உதறியது போல மேலே எழுந்தது. கீழே குஞ்சுகள் மட்டும் கிடந்தன. குஞ்சுகளைக் கொத்தித் தின்கிற கடற்காக்கைகள் இதற்கென்றே காத்திருந்தவை போல இறங்கின. அவெலீனோ ஓடவில்லை, கையை வீசவில்லை. ஓடினால் மற்ற சரிவும் எழுந்துவிடும். அப்படியே முகம் குப்புறப் படுத்துவிட்டார். நாங்கள் துடுப்பைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தோம். வாயில் வந்த செபத்தைச் சொன்னேன். கூட்டம் தலைக்கு மேலே சுற்றியது. ஒரு பகுதி இறங்கியது. ஒரு நீண்ட வரிசை தெற்கே திரும்பிப் போயிற்று. எர்மெலிந்தா முக்காட்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

போனது திரும்பவில்லை. அடுத்தடுத்த வாரங்களில், யாரும் கத்தாமலேயே, மேற்குச் சரிவும் காலியாயிற்று.

ஜனவரியில் அவெலீனோ சாமான் வாங்க வந்தபோது எர்மெலிந்தா அடுப்பில் எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு நடுத்தெருவில் மறித்தார். அந்த அம்மா பேசுவதைக் கேட்க நாங்கள்கூடக் காதை நீட்ட வேண்டியிருந்தது. அன்று எர்மெலிந்தாவின் குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது.

"மறைக்காமச் சொல்லு. நான்தான விரட்டினேன்?"

"இல்லக்கா. தண்ணி சுடுது. நீங்க கத்தலேன்னாலும் கிளம்பியிருக்கும்."

"மாதா மேல ஆணையா?"

"மாதாவை எதுக்கு இதுல இழுக்கிறீங்க? நான் சொல்றேன்ல."

எர்மெலிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாழையிலையில் பொரித்த மீனைப் பொதிந்து நீட்டினார். அவெலீனோவுக்கு மீன் வாடையே ஆகாது. எத்தனை நாள் என் படகில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்திருக்கிறார். அன்று அங்கேயே நின்று, முள்ளைச் சப்பி, முழுவதையும் தின்று முடித்தார்.

திரும்பும்போது படகில் கேட்டேன். "அக்காகிட்டச் சொன்னது நெசமா அண்ணே?"

"தெரியாது தம்பி. கத்தினதால போன இடமும், கடல் சுட்டதால போன இடமும், படத்துல ஒரே வெள்ளைதான்." பிறகு, தண்ணீரைப் பார்த்தபடி, "வராதீங்கன்னு ஒரே வார்த்தையா நான் சொல்லியிருக்கணும். எனக்கும் ஆசை. மாதா ஒருதரம் அதுகளைப் பார்த்துட்டுப் போகட்டும்னு" என்றார்.

போன வாரம் தீவுக்குப் போயிருந்தேன். பாதிக்கு மேல் வெறிச்சென்று கிடக்கிறது. வடக்கு முனையில் மட்டும் ஒரு பட்டை கறுப்பு. அங்கே குஞ்சுகளின் இறக்கையில் இப்போதுதான் இறகு கட்டுகிறது. இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தால் பறந்துவிடும். அந்தக் கொஞ்ச நாளைத் தரச்சொல்லி நான் தினமும் மெழுகுதிரி ஏற்றுகிறேன். சாமானை இறக்கிவிட்டு மோட்டார்க் கயிற்றைப் பிடித்தேன். அவெலீனோ என் கைமேல் தன் கையை வைத்துத் தலையை ஆட்டினார். போட்டிருந்த துணியோடு கடலில் இறங்கி, படகின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். தண்ணீர் மார்பு வரைக்கும் வந்ததும் நின்றார்.

"அந்த முனை தாண்டுற வரைக்கும் துடுப்புலயே போ தம்பி. இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க."