பிகூவின் பாஸ்போர்ட்

குல்வென் கெர்தேலாங் நாற்பது வருடம் மீன்பிடிப் படகில் போனவர். எந்தப் புயலுக்கும் பயந்து கரையில் நின்றவர் இல்லை. ஆனால் அயர்லாந்துக்குப் போகிற பயணிக் கப்பலில் மட்டும் அவரால் கால் வைக்க முடியவில்லை. பிரான்ஸின் ரோஸ்கோஃப் துறைமுகத்தில் அவர் வீட்டு அடுப்படி ஜன்னலிலிருந்தே அந்தக் கப்பல் தெரியும். அயர்லாந்தின் கார்க் நகரத்தில் அவர் மகள் அசெனோர் ஒரு பாலாடைக்கட்டிக் கடை வைத்திருந்தாள். அந்த ஊர்க்காரனான டோனலைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டாள்.

பேத்தி ரோஷீன் பிறந்து, ஞானஸ்நானத்துக்கு மகள் கூப்பிட்டாள்.

"நாய யாருகிட்டம்மா விட்டுட்டு வர்றது?" என்றார் குல்வென். மனைவி இறந்த பிறகு அவர் வளர்த்த நாய்க்குட்டி பிகூ.

"அதையும் கூட்டிட்டு வாங்கப்பா. இங்க இடமா இல்ல?"

மறுநாள் கால்நடை மருத்துவர் மரியானிக்கிடம் நாயைக் கூட்டிப்போனார். அவள் காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அடையாளத்துக்குக் காதுல பச்ச குத்துன இந்த நம்பர் இப்பச் செல்லாது, குல்வென். முதல்ல தோலுக்கடியில சிப் வைக்கணும். அதுக்கப்புறந்தான் வெறிநாய்க்கடி ஊசி. ஊசிய முன்னாடியே போட்டா கணக்குல சேராது. போட்டு மூணு வாரம் பொறுக்கணும். அப்பறம் பாஸ்போர்ட். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து நாடாப்புழு மாத்திரை. அது அங்க போய் இறங்குறதுக்கு ஒரு நாளாவது முன்னாடி இருக்கணும், அஞ்சு நாளைத் தாண்டவும் கூடாது."

"அப்போ ஞானஸ்நானத்துக்குப் போய்ச் சேர முடியாதுல்ல?"

"முடியாது." சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்டதும் பையன்கள் முகத்தில் தெரியுமே, அந்தக் களை.

உண்மையில் குல்வெனுக்கு நாய் ஒரு சாக்கு. மகள் ஊரை விட்டுப் போனபோது, "போறவ அப்படியே போயிடு, திரும்பி இந்த வாசல மிதிக்காத" என்று சொல்லியிருந்தார். அவள் அதை மறந்துவிட்டாள், அவரால் மறக்க முடியவில்லை. போதாக்குறைக்கு மருமகன் பேசும் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையும் புரியாது. சம்பந்தி வீட்டு மேசையில் ஊமை மாதிரி உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிக்க வேண்டுமே என்று நினைத்தாலே அவருக்கு வேர்த்தது.

பிகூவுக்குச் சிப் வைத்து, ஊசி போட்டு, நீல நிற பாஸ்போர்ட்டும் வாங்கினார். அடுத்த தடவை, ஏழெட்டு வயதில் ரோஷீன் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கும் விழாவுக்குக் கூப்பிட்டபோது அந்த ஊசி காலாவதியாகியிருந்தது. தேதி அவருக்குத் தெரியும். நாட்காட்டியில் அதைக் குறித்திருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டதும் அவர்தான்.

மூன்றாம் தடவை மகள் விடவில்லை. தினம் போன் பண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரையையும் போட்டாயிற்று. பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அன்று கடல் கொந்தளித்துக் கப்பல் புறப்படாமல் நின்றது. மறு கப்பல் கிளம்பும்போது மாத்திரையின் கெடு தாண்டிவிடும்.

மரியானிக்கே போன் செய்தாள். "வாங்க, இன்னொரு மாத்திரை குடுக்கறேன். அஞ்சு நிமிஷ வேலை. காசு வேண்டாம்."

"வயசான நாய், பாவம். எத்தனை மாத்திரைதான் அது வயித்துல தள்றது? விடும்மா."

அன்று மாலை மகளிடம் போனில் சொன்னார். அவள் கேட்டாள்:

"அப்பா, நாய்க்குப் பேப்பர் சரியில்லையா, உங்களுக்கு மனசு சரியில்லையா?"

"கடல் சரியில்லம்மா."

"சரிப்பா," என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வாங்க என்று சொல்லவே இல்லை. போனில் மழையைப் பற்றியும் கடையைப் பற்றியும் பேசினாள். அந்த அழைப்பு நின்றுபோனது அவருக்கு முள்ளாகக் குத்தியது.

அடுத்த இலையுதிர் காலத்தில் பிகூ இறந்துபோனது. பின்னங்கால் விழுந்து, நாலு நாள் பால்கூடக் குடிக்காமல், மரியானிக்கின் கை பட்டபடியே அடங்கியது. தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு வீடு பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் டிக்கெட் எடுத்தார். துறைமுகத்தில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பெண், "போங்க மெசியூ" என்று கையைக் காட்டினாள். அவ்வளவுதான். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, மூன்று வாரம் இல்லை. கப்பல் தளத்தில் நின்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

கார்க்கில் கதவைத் திறந்தது ரோஷீன். பதினோரு வயது. படத்தில் பார்த்த தாத்தாவை அடையாளம் கண்டுகொண்டு, அவர் காலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பிகூ எங்க?" அம்மா கற்றுக்கொடுத்த பிரெஞ்சில் கேட்டாள்.

"செத்துப் போச்சு கண்ணு."

"அதனாலதான் வந்தீங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்தார். அடுப்பு மூலையில் ஒரு நாய்க்கூடை இருந்தது. பிரிக்காத உறை அப்படியே இருந்தது. பிகூ வரும் வரும் என்று தான்தான் வாங்கி வைக்கச் சொன்னதாக ரோஷீன் சொன்னாள். அசெனோர் அப்பாவின் கோட்டை வாங்கி மாட்டிவிட்டு, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் டோனல் தன் சிறு படகின் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். குல்வென் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் கையாலும் முகத்தாலும் பேசியே மாலைக்குள் அதை ஓட வைத்துவிட்டார்கள். எதற்குப் பயந்து இத்தனை வருடம் ஓடி ஒளிந்தாரோ, அதில் பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. அது தெரிந்ததுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

இப்போது வருடா வருடம் போகிறார். மகள் முகம் கொடுத்துப் பேசுகிறாள், மருமகன் கப்பலடிக்கே வந்து கூட்டிப்போகிறான். ரோஷீன் வளர்ந்துவிட்டாள். கன்னத்தில் முத்தம் கொடுத்து, "நல்லா இருக்கீங்களா தாத்தா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, தோழிகள் காத்திருக்கிறார்கள் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அவள் தெருமுனை திரும்பும்வரை குல்வென் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.