மனைவிக்காகக் கட்டிய பாத்தி

என் மனைவிக்கு முழங்கால் வலி. குனியாமல் செடி வைக்கட்டும் என்று, சிதம்பரத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் சிமென்ட் கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்கு ஒரு பாத்தி கட்டினேன். என் முதுகு விட்டுப்போயிற்று. தெரிந்த டிராக்டர்காரர் ஒருவர் நெல்லிக்குப்பத்திலிருந்து உரத்துக்காகக் கரும்பாலைக் கழிவு கொண்டுவந்து போட்டார்.

"இது புதுசு சார், உள்ள சூடு ஜாஸ்தி. ரெண்டு மாசம் ஆறப் போட்டுட்டு நடுங்க" என்றார்.

எப்படியாவது வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அன்றே அதை மண்ணோடு கலந்து நிரப்பினேன். மறுநாள் அவள் கொட்டாங்கச்சிகளில் வளர்த்திருந்த தக்காளி நாற்றுகளை நடச் சொன்னேன். மூன்றே நாளில் எல்லாம் கருகிவிட்டன.

"தண்ணி ஊத்தக்கூட உன்னால முடியலியா?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து மண்ணுக்குள் அழுத்தினாள். காய்ச்சல் கண்ட நெற்றியைப்போலச் சுட்டது.

"கால் வலியோட ரெண்டு வேளையும் ஊத்தனேன். மண்ணு ஏன் இப்படிக் கொதிக்குதுன்னுதான் எனக்குத் தெரியல" என்றாள்.

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி நட்டோம். இப்போது நன்றாகக் காய்க்கிறது. தண்ணீர் நான்தான் ஊற்றுகிறேன். அவள் பறிக்க வரும்போது மட்டும் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.