வளையம் தேய்ந்த பக்கம்

எங்கள் வீட்டு வாசற்கதவில் சிங்கமுகம் பொறித்த பித்தளை வளையம் ஒன்று தொங்குகிறது. அழைப்பு மணி இருக்கும்போது இது எதற்கு என்று மனைவியிடம் சண்டை போட்டுத் தோற்றவன் நான். ஆனாலும் வெளியே போய்வரும்போதெல்லாம் வளையம் மாட்டியிருக்கும் கொக்கியைத் தடவிப் பார்க்காமல் உள்ளே நுழைவதில்லை. அந்தப் பழக்கம் ஷார்ஜாவில், சங்கிலி கட்டிப் பாரம் தூக்கும் ஒரு ரிக்கரால் வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் குடும்பத்தோடு ஷார்ஜாவின் ரோலா பகுதியில் இருந்தேன். சரக்குக் கம்பெனியில் ஒருங்கிணைப்பாளர் வேலை. பெயர்தான் பெரிது, பாதி நேரம் மொழிபெயர்ப்பாளன். ஒரு கண்காட்சிக்காகச் சீனாவிலிருந்து பழங்கால வெண்கலப் பொருட்கள் வந்திறங்கின. அவற்றில் நான்கு விலங்கு முகங்கள் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. உள்ளங்கை அகலம், பிதுங்கிய கண்கள், சுருண்ட கொம்பு, கீழ்த்தாடையே கிடையாது. மூக்கு வளைந்து கொக்கியாகி, அதில் ஒரு வளையம். சடங்கு மண்டபத்தின் கதவுகளில் இருந்தவை என்று காகிதம் சொன்னது. அவற்றை மாட்டுவதற்கென்றே ஒரு மரக்கதவும் செய்து வைத்திருந்தார்கள்.

பாரம் தூக்கி இறக்க வந்தவர் எங்கள் ரிக்கர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சவுதியில் ஜுபைல் ஆலைகளில் பத்து வருடம் சங்கிலியோடும் கொக்கியோடும் மல்லுக்கட்டியவர். எதைக் கையில் கொடுத்தாலும் புரட்டி, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மாட்டுவார். சீனாவிலிருந்து கூடவே வந்திருந்த பொறுப்பாளர் அம்மா கையுறையோடு ஒரு முகத்தை எடுத்தபோது, அதையும் குனிந்து உற்றுப் பார்த்தார்.

“சார், இது கதவுல தொங்குன வளையம் இல்ல. தொங்கியிருந்தா கொக்கியில அடிப்பக்கம்ல தேஞ்சிருக்கும்? மேல்பக்கம் தேஞ்சிருக்கு பாருங்க. வளையத்தப் புடிச்சு எதையோ தூக்கியிருக்காங்க, அதுவும் பல தடவ. நாலு வளையம், நாலு ஆளு. நம்மள மாதிரி ஆளுங்க சார். அந்தம்மாகிட்டச் சொல்லுங்க.”

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் என் மேனேஜர் நின்றிருந்தார். படித்தவர்கள் எழுதிவைத்ததை ஒரு ரிக்கர் திருத்துவதா, கேட்டால் என்னையல்லவா சிரிப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். “கவனமாகப் பொருத்தச் சொல்கிறார்” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா அவரைப் பார்த்துப் புன்னகையோடு தலை தாழ்த்தினார். ரிக்கருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அன்று மதியம் ஊரிலிருந்த தன் மனைவிக்கு போன் போட்டு, “நான் சொன்னத சீனாக்காரம்மா ஒத்துக்கிட்டாங்க புள்ள” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதாவது எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கண்காட்சி திறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நான் அங்கே வேலையாக இருந்தபோது, தேய்த்த சட்டையும் தலையில் எண்ணெயுமாக, தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ரூம்காரர்கள் இருவரை அழைத்துக்கொண்டு அவர் வந்தார். முகங்கள் நான்கும் மரக்கதவிலேயே தொங்கின. அட்டையில் கதவு வளையம் என்றே போட்டிருந்தது. “என்னண்ணே, மாத்துறாங்கன்னீங்க?” என்றான் ஒருவன். அவர் நேரே என்னிடம் வந்தார்.

“சார், அன்னிக்கு நான் சொன்னத அப்படியே சொன்னீங்கல்ல?”

“சொன்னேன்.”

“அப்பச் சரி சார். படிச்சவங்க, பாத்துத்தான் வெச்சிருப்பாங்க. நமக்குத்தான் கண்ணு தப்பிருச்சு போல.”

பத்து வருடத்தில் ஒரு கொக்கியிலும் தப்பாத கண் அது. அடுத்த மாதம் அவர் வேறு சைட்டுக்கு மாறிப்போனார். அதன்பின் நாங்கள் சந்திக்கவே இல்லை.

எங்கள் கதவில் இந்த வளையம் தொங்கத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது. போன வாரம் துடைப்பதற்காகக் கழற்றிக் கொக்கியை வெளிச்சத்தில் பிடித்தேன். மேல்பக்கம் புதுசு போலவே இருந்தது. அடிப்பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது. “இதைப் போய் ஏன் இப்படி உற்றுப் பார்க்கிறீர்கள்?” என்றாள் மனைவி. அன்று ஆங்கிலத்தில் சொல்லாததையெல்லாம் அவளிடம் தமிழில் சொல்லி முடித்தேன்.